பூனையிடம் தெள்ளுப்பூச்சி: காய்ச்சல் வருமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். வீட்டில் பூனை உண்டு, பரணில் எலித் தொல்லையும் உண்டு. சில வாரங்களாக எனக்கும் பையனுக்கும் கணுக்காலில் சிவப்பாகத் தடித்து அரிக்கிறது. பூனை மேல் கருப்பாக ஏதோ குதிக்கிறது. பிளேக் வரும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா டாக்டர்?

பதில்: பிளேக் பயத்தை விடுங்கள் அம்மா. தெள்ளு பரப்பும் நோய்தான், ஆனால் கடலூர் பக்கம் இப்போது அது இல்லை. நான் கவலைப்படுவது தெள்ளு டைபஸ் காய்ச்சலை நினைத்து. டைபாய்டு வேறு, இது வேறு. இதன் கிருமி ரிக்கெட்சியா டைஃபி. எலியிடமிருந்து தெள்ளுக்குப் போய், அதன் எச்சத்தில் வெளியே வருகிறது. கடித்த இடத்தைச் சொறியும்போது அந்த எச்சம் கீறல் வழியாக உள்ளே போய்விடும். அதனால் சொறியாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள், பையனுக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பூனையை வெள்ளைத் துணியில் நிறுத்தி, நெருக்கமான பல் சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் போல உதிர்வதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம்.

கடித்து ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வந்தால், சில நாளில் மார்பிலும் வயிற்றிலும் தடிப்பு தெரிந்தால், உடனே மருத்துவரைப் பாருங்கள். பூனை, எலி விஷயத்தை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல் என்றே போய்விடும். வழக்கமான அமாக்ஸிசிலின் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். கடையில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். தாமதித்தால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

நம் பக்கம் மழைக்காலத்தை ஒட்டி ஸ்க்ரப் டைபஸும் வரும். அதைப் பரப்புவது தெள்ளு அல்ல, புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கருப்புப் பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

அப்புறம் ஒன்று, எலிப்பாஷாணத்தை இப்போதே வைத்துவிடாதீர்கள். எலி செத்தால் அதன் மேலிருக்கும் தெள்ளு அடுத்த ரத்தத்தைத் தேடி உங்களிடம் வரும். முதலில் கால்நடை மருத்துவர் தரும் மருந்தைப் பூனைக்குப் போடுங்கள், அது படுக்கும் துணிகளை வெந்நீரில் அலசுங்கள், பரணையும் பூச்சிமருந்து அடித்துச் சுத்தம் செய்யுங்கள். எலியை அதற்குப் பிறகு பார்க்கலாம். நாய்க்கான தெள்ளு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனையைக் கொன்றேவிடும்.