நாட்டு நடப்பும் நம் கருத்தும்: சுங்கை சிப்புட் மாணவர் கேள்வி பதில்

செய்தியைப் படித்துக் கருத்து எழுதவும் மேடையில் பேசவும் பழகும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரு தாயும் ஓர் ஆசிரியையும் கேட்டவையும் சேர்ந்துள்ளன.

படிவம் 5 மாணவி: சார், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனதைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். "செய்தியைத் திருப்பி எழுதியிருக்கிறாய், உன் கருத்து எங்கே?" என்று டீச்சர் கேட்கிறார். கருத்து எங்கிருந்து வரும்?

பதில்: செய்தியில் வந்த எண்ணை உன் வீட்டுச் சம்பளச் சீட்டுக்குப் பக்கத்தில் வை, பாப்பா. கருத்து அங்கேதான் கிடைக்கும்.

முதலில் வரலாறு. 2013-இல் முதன்முதலாக இந்தச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா, சரவாக், லாபுவானில் 800 வெள்ளி. 2022 மே 1-இல் 1,500. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700; ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 1 வரை அவகாசம் தரப்பட்டது. இதற்கு மூன்று வரி போதும். பலரும் இதையே இரண்டு பக்கத்துக்கு இழுத்துவிடுகிறார்கள்.

அடுத்து கணக்கு. 200 வெள்ளி உயர்வு என்பது ஏறக்குறைய 13 விழுக்காடு. 1,700-இல் தொழிலாளரின் சேமநிதிப் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிடித்தமும் போனால் கைக்கு வருவது சுமார் 1,500. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. அதை 26-ஆல் பெருக்கிப் பார், 1,700-க்குப் பன்னிரண்டு காசுதான் குறையும். சம்பளச் சீட்டில் நாள் கூலி 65.38-க்குக் கீழே இருந்தால் ஏன் என்று கேட்க உனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இனிதான் தோட்டத்துப் பிள்ளை மட்டும் எழுதக்கூடிய இடம். செம்பனைக் குலை வெட்டுபவருக்குப் பல தோட்டங்களில் டன் கணக்கில் கூலி. மழை மாதத்திலும் குலை குறைந்த மாதத்திலும் டன் இறங்கும், கூலியும் இறங்கும். ஆனால் குறைந்தபட்சச் சம்பள ஆணை, டன் கணக்கிலோ பீஸ் கணக்கிலோ மட்டும் கூலி வாங்குபவருக்கும் மாதச் சம்பளம் 1,700-க்குக் குறையக்கூடாது என்கிறது. இந்த 1,700 அடிப்படைச் சம்பளம். அலவன்ஸையும் ஓவர்டைமையும் சேர்த்து 1,700 காட்டினால் அது கணக்கில் வராது. பலருக்கும் தவறுவது இங்கேதான்: மொத்தத் தொகையைப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

இப்போது இப்படி ஒரு வாக்கியம் எழுது: "டன் கணக்கில் கூலி வாங்குபவரின் சம்பளச் சீட்டில், 1,700-க்கு எவ்வளவு குறைந்தது, நிர்வாகம் எவ்வளவு ஈடுகட்டியது என்பது தனி வரியாக அச்சாக வேண்டும்." இது கருத்து. மறுக்க இடமிருக்கிறது, செய்து பார்க்கவும் முடியும். "தொழிலாளர் நலன் காக்கப்பட வேண்டும்" என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். அதனால்தான் அது கருத்தாகாது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் ஒரு பத்தியில் நேர்மையாக எழுது: செம்பனை விலை ஏறி இறங்கும், உரவிலை கூடியிருக்கிறது, வெட்ட ஆள் கிடைப்பதில்லை. அதற்கு உன் பதிலைக் கொடு. அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர் இரண்டையும் எழுதாதே. சீட்டைப் படம் பிடித்தும் போடாதே.

படிவம் 3 மாணவர்: அண்ணே, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் செய்தி உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஐந்து நிமிட வேலைதான், தம்பி. முதலில் தேதியைத் தேடு. தேதி இல்லாத செய்தியை அப்போதே ஒதுக்கிவிடலாம். அதில் வரும் பெயர், ஊர், தொகை மூன்றையும் தட்டித் தேடி, தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவிலோ வேறு இரண்டு செய்தி நிறுவனங்களிலோ வந்திருக்கிறதா என்று பார். ஒரே வாசகத்தை எல்லாரும் நகலெடுத்திருந்தால் அது ஒரு மூலம்தான், பத்து மூலம் ஆகாது. படம் இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பார். பழைய வெள்ளப் படமும் வேறு நாட்டுச் சண்டைப் படமும் இப்படித்தான் மாட்டும். தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' எனும் செய்தி சரிபார்ப்புத் தளத்திலும் தேடு. அங்கே இல்லை என்பதால் செய்தி உண்மை என்று முடிவு கட்டாதே. இன்னும் சரிபார்க்கப்படாமல் இருக்கலாம்.

'அரசு உதவித் தொகை, இங்கே பதியவும்' என்று இணைப்போடு வந்தால் தொடவே தொடாதே. வீட்டில் யாராவது தொட்டு, பணமும் போயிருந்தால் உடனே வங்கிக்கோ 997-க்கோ அழைக்கச் சொல். மோசடிப் புகாருக்கான எண் அது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், ஏனென்றால் பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

படிவம் 4 மாணவர்: வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்குப் போலி ஆவணம் கொடுக்கப்பட்டதாக எழுந்த மலேசியக் காற்பந்துச் சங்க விவகாரத்தில் எனக்குக் கடுங்கோபம். வெளிநாட்டு ஆட்டக்காரர்களே வேண்டாம் என்று எழுதலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் இரண்டு விஷயங்களைக் குழப்பிவிட்டீர்கள். தாத்தாவோ பாட்டியோ இந்த மண்ணில் பிறந்திருந்தால், குடியுரிமை பெற்ற ஒருவர் மலேசியாவுக்கு ஆட ஃபிஃபா விதி இடம் கொடுக்கிறது. அந்த விதி நல்லதா என்பது ஒரு கேள்வி. ஏழு ஆட்டக்காரர்களுக்காகக் கொடுக்கப்பட்ட ஆவணங்கள் உண்மையா என்பது வேறு கேள்வி. 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என வென்ற ஆட்டத்தை ஒட்டி எழுந்தது இரண்டாவதுதான். செப்டம்பரில் ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஏழு பேரையும் 12 மாதம் தடை செய்து, சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃப்ராங்க் அபராதம் விதித்தது. நவம்பரில் மேல்முறையீட்டுக் குழுவும் அதை உறுதி செய்தது.

இதுபோன்ற செய்தியில் குற்றச்சாட்டு, தீர்ப்பு, மேல்முறையீடு என்று படிகள் உண்டு. நீங்கள் எழுதும் நாளில் விவகாரம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். யார் போலி ஆவணம் தயாரித்தார் என்று பெயர் சொல்லாதீர்கள். தீர்ப்பில் இல்லாததை எழுதினால் அது அவதூறு.

படிவம் 2 மாணவி: எல்லாரும் தங்கம் தங்கம் என்கிறார்களே, மலேசியா ஏன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கவில்லை? பேச்சுப் போட்டித் தலைப்பு இது.

பதில்: 2024 பாரிஸ் வரை மலேசியாவுக்கு 15 பதக்கம்: 8 வெள்ளி, 7 வெண்கலம். அவற்றில் 11 பூப்பந்தில் வந்தவை. மற்ற நான்கும் முக்குளிப்பிலும் சைக்கிளோட்டத்திலும் தலா இரண்டு. உன் பேச்சை இந்த இடத்திலிருந்து தொடங்கு, பாப்பா. ஒரே விளையாட்டை நம்பியிருந்தால், அன்று ஓர் ஆட்டக்காரருக்குக் காலில் காயம் என்றாலே நாட்டின் வாய்ப்பு சுருங்கிவிடும்.

பூப்பந்து மகளிர் இரட்டையர் பெர்லி டான், எம். தீனா இணையைச் சொல்லாமல் விடாதே. பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், மறு ஆண்டே உலக வெற்றியாளர் போட்டியில் வெள்ளி. நான்காம் இடத்தைத் தோல்வி என்று எழுதியவர்கள் பலர். மகளிர் இரட்டையரில் மலேசியா அதற்கு முன் ஒலிம்பிக் அரையிறுதியையே எட்டியதில்லை என்பதை வைத்துப் பார்த்தால் அந்தச் சொல் தவறு என்று நீயே நிறுவலாம்.

ஐந்து நிமிடப் பேச்சுக்கு 450 முதல் 500 சொல் போதும். 700 எழுதினால் மூச்சு வாங்கும், முடிவுரை மணியடித்த பிறகுதான் வரும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஐயா, "தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் மூடப்படுகின்றன" என்ற தலைப்பில் மாணவர்களைப் பேசவிட்டால் அழுகையும் ஆவேசமும்தான் வருகின்றன. வகுப்பை எப்படி நடத்துவது?

பதில்: டீச்சர், அந்த ஆவேசத்துக்கு நியாயம் இருக்கிறது. 1957-இல் 888 என்று சொல்லப்படும் எண்ணிக்கை இப்போது 530-க்கு அருகில். அதை அடக்காமல் திசை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் 'மூடல்' என்ற சொல்லைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பள்ளி நிரந்தரமாக மூடப்படுவது, இரண்டு பள்ளிகள் இணைக்கப்படுவது, பிள்ளை இல்லாத தோட்டத்திலிருந்து பள்ளியின் உரிமம் மக்கள் குடியேறிய ஊருக்கு இடம் மாறுவது என மூன்றும் வேறு. மூன்றாவதை இழப்பு என்று சொல்லவே முடியாது. 150 மாணவருக்குக் குறைந்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்தப்படுகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதுமே மூடப் போகிறார்கள் என்று பெற்றோர் பதறுகிறார்கள், அதுவும் பிழை.

பிறகு காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் தேவைப்பட்ட ஆட்கள் குறைந்தார்கள். தோட்ட நிலம் வீடமைப்புக்குப் போனது. குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் நகர்ந்தன. பிள்ளைகள் போன பின்தான் பள்ளி காலியானது. இதைப் பேச நம் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டம் வாங்க, அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பிறந்தது சுங்கை சிப்புட்டில்.

வகுப்பில் ஆளுக்கொரு அட்டை கொடுத்து நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: எனக்குத் தெரிந்த உண்மை, அது எங்கிருந்து கிடைத்தது, என் கருத்து, என் கருத்தை மாற்றக்கூடிய சான்று எது. பத்து நிமிடம் போதும். நான்காவது வரியைத்தான் பலரும் காலியாக விடுவார்கள். அட்டைகளைக் கலைத்துக் கொடுத்து, அடுத்தவர் அட்டைக்கு அந்த நான்காவது வரியை நிரப்பச் சொன்னால் வகுப்பு தானாகச் சூடு பிடிக்கும்.

ஒரு தாய்: தம்பி, என் மகள் முகநூலில் அரசியல் கருத்தெல்லாம் போடுகிறாள். ஏதாவது வில்லங்கம் வருமா?

பதில்: அம்மா, கருத்துப் போடுவதைத் தடுக்க வேண்டாம். எங்கே கவனம் தேவை என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு, பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு போடும் பொய்யான, மிக மோசமாக அவமதிக்கிற, மிரட்டுகிற பதிவுகளைக் குற்றமாக்குகிறது. இனம், சமயம், அரச பரம்பரை ஆகிய மூன்றையும் தொடும் பதிவுக்கு விசாரணை விரைவாக வரும். அடுத்தவர் பதிவைப் பகிர்ந்தாலும் பொறுப்பு உண்டு. 'நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்' என்பது காப்பாற்றாது. கொள்கையை விமர்சிக்கட்டும், ஆளின் சாதியையும் உருவத்தையும் குடும்பத்தையும் தொடாமல் இருக்கட்டும். பள்ளிச் சீருடைப் படம், வீட்டு முகவரி, கைப்பேசி எண் ஆகியவை அந்த முகநூல் கணக்கில் இருக்கக்கூடாது. கோபத்தில் எழுதியதை மறுநாள் காலை பசியாறிய பிறகு படித்துப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

படிவம் 5 மாணவர்: ஏஐயிடம் கேட்டுக் கருத்துக் கட்டுரை எழுதினால் தப்பா?

பதில்: எதிர்த்தரப்பு வாதங்களைத் தெரிந்துகொள்ளக் கேள். எண், ஆண்டு, சட்டத்தின் பெயர் ஆகியவற்றை அதனிடம் வாங்கி அப்படியே எழுதாதே. இல்லாததையும் இருப்பதுபோல் சரளமாகச் சொல்லும். நீ பார்த்த பஸ், நீ படித்த சம்பளச் சீட்டு அதற்குத் தெரியாது.

படிவம் 6 மாணவி: தேர்தல் பற்றி எழுத நினைக்கிறேன். எனக்கு 18 ஆகிவிட்டது, நான் எங்கேயும் பதியவில்லையே?

பதில்: பதியத் தேவையில்லை. 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பினால் பெயர் தானாக வாக்காளர் பட்டியலில் சேரும். தொகுதி உன் அடையாள அட்டை முகவரியைப் பொறுத்தது. கோலாலம்பூரில் படித்தாலும் அட்டையில் சுங்கை சிப்புட் இருந்தால் இங்கே வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். பஸ் டிக்கெட்டும் விடுப்பும் கட்டுரையின் பொருளாகலாம், யாரும் அதிகம் எழுதுவதில்லை.

படிவம் 4 மாணவர்: ஐயா, எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் சாலை குண்டும் குழியும். "அரசாங்கம் உடனே கவனிக்க வேண்டும்" என்று முடித்தேன். மதிப்பெண் குறைந்துவிட்டது.

பதில்: எந்த அரசாங்கம், தம்பி? தோட்ட எல்லைக்குள் இருக்கும் சாலை பெரும்பாலும் கம்பெனியுடையது. வெளியே டவுன் சாலை, சாக்கடை, குப்பை ஆகியவை கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித்துறை. நிலம் மாநில அரசின் கையில். பள்ளி கல்வியமைச்சின் கையில். லயத்து வீட்டின் கூரை, தண்ணீர், கழிவறை பற்றி என்றால் 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், அதாவது சட்டம் 446 இருக்கிறது. புகாரைத் தொழிலாளர் இலாகாவிடம் கொண்டுபோக வேண்டும். சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. உங்கள் தோட்டம் எதில் வருகிறது என்று பார்த்து, அந்த உறுப்பினரைக் குறிப்பிடு.

கடைசி வாக்கியத்தை இப்படித் திருத்து: யார், எதை, எந்தத் தேதிக்குள். குழியின் நீளத்தைக் கால் எட்டால் அளந்து, பள்ளி பஸ் அந்த இடத்தைக் கடக்க எத்தனை நிமிடம் கூடுதலாக எடுக்கிறது என்பதை ஒரு வாரம் குறித்துவைத்து, அந்த எண்ணை முதல் வரியில் போடு.