‘பிடித்திருக்கிறதாம்’ என்றாவது எழுதியிருக்கலாம்

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. பி.காம். முடித்துவிட்டு எங்கள் ஹார்டுவேர் கடையில் கணக்கு பார்க்கிறாள். பாரிஸ் பக்கம் பிறந்து வளர்ந்த சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) குடும்பத்துப் பையன் வரனாக வந்திருக்கிறான். பிரெஞ்சு நேஷனாலிட்டி. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று என் அப்பா எழுதிக் கொடுக்காமல் விட்டதை இப்போதாவது சரிசெய்யலாம் என்று எனக்கு ஓர் ஆசை. பையன் தன் ஆயாவோடு (பாட்டி) தமிழில் பேசுவான், எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வாட்ஸ்அப்பில் ஆங்கிலம்தான். மகளுக்கு அது சரளமாக வராது என்பதால் பதிலை என் மகன் எழுதிவிடுகிறான். இரண்டு மாதமாகியும் பையன் ‘ஐ லைக் யூ எ லாட்’ என்றே எழுதுகிறான். ‘லவ்’ என்று ஒரு தடவைகூட வரவில்லை. இட்லிக்கும் லைக் என்றுதானே சொல்வார்கள் என்கிறாள் என் மனைவி. லைக், லவ், வாண்ட் இவற்றில் எது எவ்வளவு? நம்பி நிச்சயம் செய்யலாமா? மகளுக்குப் பிடித்திருக்கிறது. ‘ஐ லவ் டிராவலிங்’ என்றெல்லாம் பதில் போயிருக்கிறது. ஆனால் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பவள், விமானத்தில் எப்படிப் போவாள் என்பதுதான் கவலை. மண்டபத்துக்கு 15,000 அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.
— ஒரு தந்தை, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஐயா, லைக்கா லவ்வா என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் 18 காரட், 22 காரட் என்று உரசிப் பார்ப்பதுபோல மாப்பிள்ளையின் வார்த்தையை உரசிப் பார்க்கிறார்கள். அந்தச் சொற்களுக்கு அப்படி நிலையான மாற்று கிடையாது. லவ் என்பதை ஆங்கிலம் பேசுகிறவர்கள் பிரியாணிக்கும் சொல்வார்கள், பெற்ற பிள்ளைக்கும் சொல்வார்கள். நாம் கருமித்தனத்துக்குச் சொல்கிறோமே லோபம், அதுவும் லவ்வும் ஒரே வேரில் முளைத்தவை. வாண்ட் என்பது முதலில் ‘இல்லை, குறைகிறது’ என்ற பொருளில் இருந்த சொல். ஆசை என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. பிரியத்தைச் சொல்லும் ஃபாண்ட் என்றால் ஒரு காலத்தில் அசடு.

பையன் விஷயம் இன்னும் ஒரு சுற்று. அவன் யோசிப்பது பிரெஞ்சில். அங்கே லைக்குக்கும் லவ்வுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான், எமே. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒருவரிடம் ‘ஜெ தெம்’ என்று மொட்டையாகச் சொன்னால் காதல். ‘ரொம்ப’ என்று பொருள்படும் பொக்கூவைச் சேர்த்து ‘ஜெ தெம் பொக்கூ’ என்றால் பெரும்பாலும் இறங்கிப்போய் வெறும் பிரியம் ஆகிவிடும். ரொம்ப என்று கூட்டினால் குறைகிற கணக்கு. ஆக, அவன் எழுதும் ‘எ லாட்’ அதன் மொழிபெயர்ப்பா, கூச்சமா, மரியாதையா என்று நீங்களும் நானும் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இதோடு அவன் பேச்சை விட்டுவிடுகிறேன்.

‘பதிலை என் மகன் எழுதிவிடுகிறான்.’ மழை பெய்தது, கடையைச் சீக்கிரம் சாத்தினோம் என்பதுபோல இந்த வரியை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. இரண்டு மாதமாக அந்தப் பையன் யாருக்கு ‘ஐ லைக் யூ’ என்று எழுதிக்கொண்டிருக்கிறான்? உங்கள் மகனுக்கு! அவன் வார்த்தை எத்தனை காரட் என்று கேட்கிற நீங்கள் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருப்பது பித்தளை.

‘ஐ லவ் டிராவலிங்’ என்று எழுதியது யாருடைய விருப்பம்? திண்டிவனத்துக்குள் பிளாஸ்டிக் பையைத் தேடும் பெண்ணின் விருப்பமா, ஊர் சுற்ற ஆசைப்படும் அண்ணனுடையதா? அதை நம்பி அந்தப் பையன் தேனிலவுக்கு மலைப்பாதையில் கார் ஏற்பாடு செய்தால், கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்து வாந்தி எடுக்கப்போவது உங்கள் மகன் இல்லை.

‘மகளுக்குப் பிடித்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘பிடித்திருக்கிறதாம்’ என்றாவது எழுதியிருக்கலாம். பசிக்கிறது, வலிக்கிறது, பிடிக்கிறது எல்லாமே நம் மொழியில் ‘எனக்கு’ என்று தொடங்குபவை. யாருக்கோ அவருக்குத்தான் தெரியும். அடுத்தவர் பசியைச் சொல்லும்போது ‘அவனுக்குப் பசிக்கிறதாம்’ என்று ஓர் ‘ஆம்’ சேர்க்கிறோம், கேட்டுத்தான் சொல்கிறோம் என்பதற்கு. கடிதம் முழுக்கத் தேடினேன். அவளைக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. சளியும் பிடிக்கும், பேயும் பிடிக்கும், மாப்பிள்ளையும் பிடிக்கும். எது பிடித்திருக்கிறது என்று அவள் வாயால் வர வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பசி தெரிவது ஒரே இடத்தில்தான். 1962. அந்த ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் பிரெஞ்சு ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் அப்பா கொடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று ஏன் நினைக்கிறீர்கள்? வேண்டாம் என்று இருந்திருக்கலாம். எப்படியோ, அது அவர் தனக்காகச் செய்த முடிவு. அந்தக் கணக்கை உங்கள் மகளின் தலையில் எழுதாதீர்கள். கடைக் கணக்கே போதும் அவளுக்கு.

பெரியவர்கள் பார்த்துச் செய்யும் கல்யாணத்தைக் கேலி செய்கிறவள் இல்லை நான். என் வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடந்தன. வரன் தேடுவது உங்கள் கடமை, விசாரிப்பது கடமை, செலவும் உங்களுடையது. அண்ணனுக்கும் முறை இருக்கிறது: மணமேடையில் மச்சான் மோதிரம் போடலாம், நாளைக்குத் தங்கைக்கு ஒன்றென்றால் முதல் ஆளாகப் போய் நிற்கலாம். தங்கையாக உட்கார்ந்து அவள் வருங்காலக் கணவனோடு கொஞ்சிப் பேசுவது எந்த ஊர் முறை? அந்தப் பையனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள் ஐயா. இது தெரிந்தால் அவள் உங்கள் குடும்பத்தை என்னவென்று நினைப்பாள்?

நீங்களே பையனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். மகனை விட்டுச் சொல்லாதீர்கள், மறுபடியும் ஆங்கிலத்தில் ஏதாவது ஜோடித்துவிடுவான். ‘தம்பி, இதுவரை எழுதியது அவள் அண்ணன், தப்பு எங்களுடையது’ என்று தமிழிலேயே சொல்லுங்கள். ஆயாவோடு தமிழ் பேசுகிறவனுக்கு இது புரியும். அதற்குப் பிறகும் பேச விரும்பினால், அவளும் சரி என்றால், இருவரும் போனில் பேசட்டும். அவனுக்குத் தெரிந்த வீட்டுத் தமிழ் போதும். என்ன சாப்பிட்டாய் என்பதிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் நீங்களும் உங்கள் மகனும் கடையில் இருங்கள். போனைப் பிறகு வாங்கிப் பார்க்கவும் வேண்டாம்.

அவள் வேண்டாம் என்றால் மண்டபத்துக்காரரிடம் மறுநாளே சொல்லிவிடுங்கள். அந்த 15,000 திரும்ப வராது, வந்தால் ஆச்சரியம்.