வயதான அப்பாவுடன் பெத்லகேம் போவதென்றால் குழுவோடு போவதா, தனியாகவா?

அப்பாவால் படி ஏறி இறங்க முடியும் என்றால் தாராளமாகத் தனியாகப் போங்கள். என் அப்பாவை 2019 அக்டோபரில் அப்படித்தான் அழைத்துப் போனேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல்லும் வாழையும் போட்டு எழுபதைத் தாண்டியவர் அவர்.

குழுவாக வருகிறவர்கள் பெரும்பாலும் பிறப்பின் தேவாலயத்தைப் பார்த்து, ஒலிவ மரச் சிலுவை வாங்கிக்கொண்டு அன்றைக்கே எருசலேம் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் பெத்லகேமிலேயே அறை எடுத்தோம். வயல்வெளி ஏதாவது பார்க்கணும் என்று அப்பா கேட்டதும், வாடகைக் கார்க்காரர் தன் சொந்த ஊரான பத்தீருக்கு ஓட்டிப் போனார்.

பத்தீர் மலைச்சரிவில் இருக்கிறது. கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான வயல்கள், ரோமர் காலத்துக் குளம், ஊற்றிலிருந்து வரும் வாய்க்கால்கள். 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். அங்கே தண்ணீரை 8 குடும்ப வகையறாக்கள் நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு வாரம் என்றாலே 8 நாள். இதைக் கேட்டதும் அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "நம்மூரு முறைத்தண்ணி மாதிரியேதாம்ல!" என்று வரப்போரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பாத்திக்காரர் ஒருவர் கல்லை நகர்த்தித் தண்ணீரைத் திருப்ப, இவர் கையை விட்டு வேகம் பார்க்கிறார். இருவருக்கும் பொதுவான பாஷை ஒன்றுகூட இல்லை. எனக்கு அங்கே வேலையே இல்லை.

கிளம்பும்போது, வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்றார் கார்க்காரர். வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் விடவில்லை. "பெரியவரைப் பட்டினியாக அனுப்பினால் என் அம்மா என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தனியாகப் போயிருந்தால் ஒரு காபியோடு முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அப்பா கூட இருந்ததுதான் அந்த வீட்டின் கதவைத் திறந்தது.

முதலில் ஏலக்காய் போட்ட கசப்புக் காபி, சின்னக் கோப்பையில். அப்புறம் மக்லூபா. கோழி, பொரித்த கத்தரிக்காய், அரிசி எல்லாம் ஒரே பானையில் அடுக்கி வேகவைப்பது. பத்தீர் கத்தரிக்காய் அந்த வட்டாரம் முழுக்கப் பேர் போனது. கார்க்காரரின் அம்மா பானை வாயில் பெரிய தாம்பாளத்தைப் போட்டு மூடி, ஒரே மூச்சில் கவிழ்த்தார். உடனே தூக்கவில்லை. அடியைக் கையால் தட்டித் தட்டி, கொஞ்ச நேரம் பொறுத்து மெதுவாக எடுத்தார். மேலே கத்தரிக்காய் கலையாமல் அப்படியே நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நல்ல துண்டெல்லாம் அப்பா தட்டுக்குத்தான் போனது. தட்டில் இடம் தெரிந்தால் போதும், அடுத்த கரண்டி விழும்.

அப்பாவுக்குச் சர்க்கரை என்று சொன்னேன். அந்த அம்மா எழுந்து போய், மரமிய்யா என்கிற மூலிகை இலையைப் போட்டுத் தேநீரைச் சீனி இல்லாமல் தனியாகக் கொண்டுவந்தார். அங்கே பெரியவர்களை மூத்த மகன் பேரைச் சேர்த்து 'இன்னாரின் அப்பா' என்று கூப்பிடுவது வழக்கம். என் பேரைக் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு அப்பாவை அப்படியேதான் அழைத்தார்கள். சாப்பாட்டுக்குக் காசு என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. பேசிய கார் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டார். நீங்கள் போனாலும் பணத்தை நீட்டாதீர்கள், அவர்களுக்கு மனசு கஷ்டப்படும். பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிப் போங்கள்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எருசலேம் பத்தீரிலிருந்து 10 கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் மேற்குக் கரைப் பாலஸ்தீனரான அந்தக் கார்க்காரரால், இஸ்ரேல் தரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே போக முடியாது. நாங்கள் திரும்பிய பேருந்தைச் சோதனைச் சாவடியில் நிறுத்தியபோது உள்ளூர்க்காரர்கள் இறங்கி வரிசையில் நின்றார்கள். எங்கள் பாஸ்போர்ட்டை இருக்கையிலேயே பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அப்பா வழியெல்லாம் பேசவே இல்லை.

2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு நிலைமை ரொம்ப மாறிவிட்டது. வெளியுறவுத் துறையின் பயண அறிவுரையைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். போக வழி இருந்தால், அறையைப் பெத்லகேமில் எடுங்கள், உள்ளூர்க் கார் வையுங்கள். அந்தக் குடும்பங்களுக்கு வருமானமே வருகிறவர்களை நம்பித்தான்.