ஆபீஸ் நெட்வொர்க்: சர்வரா, நாஸ் பெட்டியா, கிளவுடா?

கேள்வி: பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் சுங்க கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கிறோம். மொத்தம் 14 பேர். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாம் அக்கவுன்டன்ட்டின் கம்ப்யூட்டரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் இருக்கின்றன. அவர் லீவு போட்டால் வேறு யாராவது போய் அந்த மெஷினை ஆன் செய்ய வேண்டும். இப்போது ஆபீசைப் புதுப்பிக்கிறோம். மூன்று பேரிடம் கோட்டேஷன் வாங்கினோம். இதே முறை போதும், வைஃபை மட்டும் நன்றாகப் போடுங்கள் என்கிறார் ஒருவர். விண்டோஸ் சர்வர் இல்லாமல் ஆகாது என்கிறார் இன்னொருவர். எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். எதை எடுப்பது?

பதில்: அக்கவுன்டன்ட் லீவு போட்டால் வேலை தடுமாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். எல்லோருக்கும் வேண்டிய ஃபைல், ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் மெஷினில் இருக்கக் கூடாது. அவர் தவறான அட்டாச்மென்ட் ஒன்றைத் திறந்தால் மொத்த ஃபோல்டரும் ரான்சம்வேரில், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸில், மாட்டிக்கொள்ளும்.

உங்களிடம் இப்போது இருப்பது, தனி சர்வர் இல்லாமல் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள்ளேயே ஃபைல்களைப் பகிரும் பியர்-டு-பியர் முறை. நாலைந்து பேர் இருக்கும் இடத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 மெஷினின் ஷேர் ஃபோல்டரை 20 கருவிகள் வரைதான் பயன்படுத்தலாம் என்பது மைக்ரோசாஃப்டின் உரிம விதி. 14 கம்ப்யூட்டரோடு ஸ்கேனரும் நாலு லேப்டாப்பும் சேர்ந்தால் அந்தக் கணக்கு நெருங்கிவிடும். ஆகவே முதல் கோட்டேஷனை ஒதுக்கிவிடலாம்.

விண்டோஸ் சர்வர் நல்ல ஏற்பாடுதான். யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை எப்போது முடக்குவது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோட்டேஷனைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். ஸ்டாண்டர்டு பதிப்பு என்றால் சர்வர் உரிமம் போக, ஆளுக்கொன்றோ மெஷினுக்கொன்றோ கிளையன்ட் உரிமமும் வாங்க வேண்டும். 25 பேர் வரைக்கான எசென்ஷியல்ஸ் பதிப்புக்கு அது தேவையில்லை. அப்புறம் உங்கள் கம்ப்யூட்டர்களில் இருப்பது விண்டோஸ் ஹோமா, புரோவா என்றும் பாருங்கள். ஹோம் என்றால் டொமைனில், அதாவது சர்வரின் கட்டுப்பாட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் குழுவில், சேராது; ஒவ்வொன்றையும் காசு கொடுத்து புரோவாக மாற்ற வேண்டும். இதெல்லாம் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது இரண்டு டிஸ்க் போடும் ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் நேராக மாட்டும் சேமிப்புப் பெட்டி. ஃபைல்களை வைத்துக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்டு வைத்து எந்த ஃபோல்டர் யாருக்கு என்று அதிலேயே பிரித்துவிடலாம். 4 டிபி டிஸ்க் இரண்டை ஒன்றின் நகலாக இன்னொன்று இருக்கும்படி போட்டால் 4 டிபி இடம் கிடைக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை ஓடும். அதற்காக அதையே பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். தவறி அழித்த ஃபைல் இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழியும். தினமும் இரவு ஒரு நகல் கிளவுடுக்குப் போகட்டும். வாரம் ஒருமுறை வெளி டிஸ்க் ஒன்றில் ஏற்றி, கழற்றி, ஆபீசுக்கு வெளியே வையுங்கள். டேலி கணக்கு மென்பொருளை அக்கவுன்டன்ட் மட்டும்தான் போடுகிறார் என்றால் ஒருவருக்கான சில்வர் உரிமத்தோடு அவர் மெஷினிலேயே இருக்கட்டும், அதன் பேக்கப் மட்டும் நாஸுக்கு வரட்டும். லேனில், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கில், பல பேர் போட வேண்டுமானால் கோல்டு வாங்க வேண்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் கம்பெனியா? அப்படியானால் 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளில் வந்த திருத்தத்தின்படி கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேர வேண்டும். கிளவுட் எடுக்கும்போது இதையும் கேளுங்கள்.

முழுக்க கிளவுடுக்குப் போவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நெட் போனால் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் தாக்கல் செய்வது எப்படியும் நிற்கும், பழைய ஃபைலைத் திறந்து பார்ப்பதும் சேர்ந்து நிற்க வேண்டுமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் கரன்ட்டும் நெட்டும் நாள்கணக்கில் இல்லை. எதை எடுத்தாலும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு, இரண்டையும் ஏற்கும் ரவுட்டர், நாஸுக்கும் கேபிள்களை எல்லாம் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் ஒரு யுபிஎஸ் இவை வேண்டும். இந்தக் கருவிகளை வைக்கும் ரேக்கைத் தரையில் வைக்காதீர்கள், சுவரில் உயரமாக மாட்டுங்கள்.

இனி கேபிள். பணத்தை இதில்தான் தாராளமாகப் போட வேண்டும். நாஸை அஞ்சு வருஷத்தில் மாற்றலாம், சுவருக்குள் போன கேபிளை மாற்ற ஆபீசையே உடைக்க வேண்டும். அந்தக் காலத்துத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை ஒழுங்காகப் போகாது. 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் இன்னும் திணறும். வைஃபை போனுக்கும் வருகிறவர்களுக்கும் இருக்கட்டும். மேசைக்கு மேசை கேட் 6 கேபிள் இழுத்து, எல்லாம் ஒரே ரேக்கில் ஒரு 24 போர்ட் ஜிகாபிட் சுவிட்சில் வந்து சேரட்டும்.

எங்கள் ஆபீசில் பெட்டியில் கேட் 6 என்று போட்டிருந்ததை நம்பி மலிவாக ஒரு 305 மீட்டர் சுருள் வாங்கினேன். ஆறு மாதத்தில் இரண்டு பாயின்ட்டுகள் விட்டுவிட்டு வேலை செய்தன. சாக்கெட்டைக் கழற்றி, கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டினால் மேலே செம்பு, உள்ளே வெள்ளை! அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. சிசிஏ என்பார்கள். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கேமராவுக்கு அதே கேபிளில் கரன்ட் அனுப்பினால் சூடாகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் வேறெங்கே வாங்கினாலும் கடையிலேயே ஒரு துண்டு வெட்டிச் சுரண்டிப் பாருங்கள். பில்லில் 'முழுச் செம்பு' என்று எழுதச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பாயின்ட்டிலும் லேப்டாப்பைச் செருகி, விண்டோஸ் காட்டும் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் என்று வர வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் பெரும்பாலும் நாலு ஜோடிக் கம்பிகளில் ஒன்று சரியாகப் பதியவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும் என்பதால் நெட் ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மீதிப் பணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 14 பேர் வேலை பார்க்கும் ஆபீஸ் அதில் வருவது கடினம். பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: 8 போர்ட் சுவிட்ச் இரண்டு சும்மா கிடக்கின்றன. புதிது வாங்காமல் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாமா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: இணைக்கலாம், 14 போர்ட் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள்தான் போக வேண்டும். வேகம் கூடும் என்று இரண்டாவது கேபிள் போட்டால், சாதாரண சுவிட்சுகளில் தகவல் சுற்றிச் சுற்றி வந்து மொத்த ஆபீசும் படுத்துவிடும். பெருக்க வருபவர் தொங்கும் கேபிளைக் காலி போர்ட்டில் செருகினாலும் இதே கதிதான், அதனால் சும்மா தொங்கும் கேபிளை எடுத்துவிடுங்கள்.