கேள்வி பதில்: மண்டையோடும் சுரைக்குடுக்கையும்

கேள்வி: கொரியாவில் ஒரு புத்த பிக்குவின் வாழ்க்கையைப் பாட்டும் ஆட்டமுமாக மேடையேற்றினார்களாமே, யார் அவர்? நம் காஞ்சிபுரத்து போதிதர்மரா? (வாசகர், திருச்சி)

பதில்: போதிதர்மரை இந்த ஒரு தடவை விட்டுவிடுவோமே! இவர் வோன்ஹ்யோ. கொரியாவின் பழைய அரசுகளில் ஒன்றான ஸில்லா நாட்டுத் துறவி. 617-இல் பிறந்து 686-இல் மறைந்தவர். இவரையும் இவருடைய தோழர் உய்சாங்கையும் வைத்து 2012-இல் சியோலில் ‘சங்ஹ்வா ப்யோல்கோக்’ என்றொரு மியூசிக்கல் வந்தது. சியோலில் வோன்ஹ்யோ பெயரில் ஒரு சாலை இருக்கிறது, ஹான் ஆற்றுக்கு மேலே ஒரு பாலமும் இருக்கிறது. மண்டையோட்டுத் தண்ணீர் என்று ஆரம்பித்தாலே போதும், மிச்சக் கதையை அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: அதென்ன மண்டையோட்டுத் தண்ணீர்? (வாசகி, மதுரை)

பதில்: 661-இல் தோழர்கள் இருவரும் படிப்பதற்காகச் சீனாவுக்குக் கிளம்புகிறார்கள். வழியில் மழை, இருட்டு. குகை மாதிரி தெரிந்த ஒரு இடத்தில் ஒதுங்கிப் படுக்கிறார்கள். நடுராத்திரியில் வோன்ஹ்யோவுக்குத் தொண்டை வறள, கையால் துழாவுகிறார். ஏதோ பாத்திரத்தில் தண்ணீர். குடித்தால் அத்தனை இனிப்பு. விடிந்து பார்த்தால் படுத்திருந்தது கல்லறையில். குடித்தது மண்டையோட்டில் தேங்கிய அழுக்குத் தண்ணீர். குடலைப் புரட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் குமட்டலுக்கு நடுவில்தான் அவருக்குப் பொறி தட்டுகிறது: தண்ணீர் ராத்திரியும் அதேதான், காலையிலும் அதேதான், மாறியது தன் மனசு. இதைக் கற்கச் சீனா எதற்கு என்று திரும்பிவிட்டார். உய்சாங் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தார்.

988-இல் சீனாவில் தொகுத்த துறவியர் வரலாற்றில் மண்டையோடே கிடையாது. முதல் ராத்திரி நன்றாகத் தூங்கிய இடம் கல்லறை என்று தெரிந்ததும் மறுநாள் ராத்திரி பேய் பயம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். எனக்கு அந்த வடிவம் இன்னும் பிடிக்கும். ஆனால் மேடைக்கு மண்டையோடு வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: நடப்பதெல்லாம் ஒருவர் மனசுக்குள். நடிகர் துப்பிவிட்டு நிற்கிறார், அடுத்து என்ன? அங்கே பாட்டு ஒன்றுதான் கைகொடுக்கும். வசனத்தில் சொன்னால் உபதேசமாகிவிடும்.

கேள்வி: துறவிக்கு இளவரசியோடு தொடர்பு என்கிறார்களே, மதவாதிகள் சும்மாவா விட்டார்கள்? (வாசகர், சேலம்)

பதில்: ஒளித்து வைத்தால்தானே சண்டைக்கு வருவதற்கு! இர்யோன் என்ற துறவியே 13-ஆம் நூற்றாண்டில் ‘சாம்குக் யூசா’ என்ற நூலில் எழுதி வைத்துவிட்டார். “காம்பில்லாக் கோடரியை யார் தருவார்? வானத்தைத் தாங்கும் தூணை நான் வெட்டுவேன்” என்று வோன்ஹ்யோ தெருவில் பாடிக்கொண்டு போனாராம். யாருக்கும் புரியவில்லை, ஸில்லா மன்னர் முயோலுக்குப் புரிந்தது: உயர்குலப் பெண்ணை அடைந்து நாட்டுக்குத் தூணான பிள்ளையைப் பெற ஆசைப்படுகிறார். அரண்மனையில் கணவரை இழந்த இளவரசி யோசொக் இருந்தார். மன்னர் ஆள் அனுப்ப, பாலத்தில் எதிர்ப்பட்ட வோன்ஹ்யோ வேண்டுமென்றே ஆற்றில் விழுந்தார். நனைந்த துணியை உலர்த்தவென்று அரண்மனைக்குக் கூட்டிப்போனார்கள். பிறந்த பிள்ளை சொல் சோங், பெரிய கன்பூசிய அறிஞர்.

கேள்வி: அப்படியானால் கடைசியில் வழக்கமான காதல் கதைதானா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: இந்த ஆளை வைத்து நாடகம் எழுத உட்காருகிற யாருக்கும் காதல்தான் முதலில் கண்ணில் படும். என்னைக் கேட்டால் சரக்கு அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. பிள்ளை பிறந்தபின் காவியைக் கழற்றிவிட்டு, தன்னைச் சின்ன இல்லறத்தான் என்று சொல்லிக்கொண்டு வோன்ஹ்யோ ஊர் ஊராகக் கிளம்பினார். ஒரு கூத்தாடி ஆட்டிக் காட்டிய பெரிய சுரைக்குடுக்கை மாதிரியே ஒன்றைச் செய்து, அவதம்சக சூத்திரம் என்ற பௌத்த நூலிலிருந்து ‘முவே’, அதாவது ‘தடையற்றது’ என்று அதற்குப் பெயர் வைத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடினார், ஆடினார். ஏட்டைத் தொட்டே பார்க்காத ஏழைகள்கூடப் புத்தர் பெயரைச் சொல்லக் கற்றது அதனால்தான் என்கிறார் இர்யோன். இத்தனைக்கும் இவர் சாதாரண ஆள் இல்லை. மகாயான சிரத்தோத்பாத சாஸ்திரம் என்ற பௌத்தத் தத்துவ நூலுக்கு இவர் எழுதிய உரையைச் சீனப் பண்டிதர்களே எடுத்து வைத்துப் படித்தார்கள். அப்படிப்பட்டவர் சந்தையில் குடுக்கையோடு ஆடுகிறார்! ஸில்லாவுக்குப் பின் வந்த கொர்யோ அரசில் அந்த ஆட்டம் அரசவை நடனமாகவே ஆகிவிட்டது. மற்ற மகான்களை மியூசிக்கலாக்கப் பாட்டை வெளியிலிருந்து ஒட்ட வேண்டும். இவர் கதையில் பாட்டு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

ஸில்லாவின் தலைநகராக இருந்த க்யோங்ஜுவில் இவர் இருந்த புன்ஹ்வாங்சா கோயிலுக்குப் போயிருக்கிறேன். கல்லைச் செங்கல் அளவுக்கு வெட்டி 634-இல் அடுக்கிய கோபுரத்தில் இப்போது மூன்று நிலைதான் மிச்சம். மூலைக்கொரு கல் சிங்கம். வோன்ஹ்யோ இறந்தபின் அவருடைய எலும்புப் பொடியை மண்ணோடு பிசைந்து சொல் சோங் ஒரு சிலை செய்து அங்கே வைத்தாராம். மகன் பக்கத்தில் நின்று வணங்கியபோது அப்பா சிலை தலையைத் திருப்பிப் பார்த்ததாம். தன் காலத்திலும் அது திரும்பியபடியே இருந்தது என்று இர்யோன் எழுதுகிறார். இன்று அந்தச் சிலை இல்லை. நாடகம் எழுதுகிறவர் காதலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இந்த அப்பா மகன் விஷயத்துக்கு ஒரு பாட்டு கொடுக்கலாம்.

கேள்வி: கொரிய மேடையில் ஒரே வேடத்துக்கு இரண்டு மூன்று பேர் நடிக்கிறார்களே, குழப்பம் வராதா? (வாசகர், கோவை)

பதில்: ஒரே நாளில் எல்லாரும் வர மாட்டார்கள், பயப்படாதீர்கள். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர். தொண்டைக்கும் ஓய்வு, கல்லாவுக்கும் லாபம். ரசிகர்கள் ஆளுக்கு ஆள் பாட்டை ஒப்பிட்டுப் பார்க்க மறுபடி டிக்கெட் எடுப்பார்கள். போகிற நாளில் யார் பாடுகிறார் என்று அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.