நெக் சைஸிங் டை என்றால் என்ன? புஷிங் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறையின் கழுத்தை மட்டும் இறுக்கி, புதுக் குண்டைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுவரும் கருவிதான் நெக் சைஸிங் டை. ஃபுல் லெங்த் டை உறையின் உடலையும், கழுத்துக்குக் கீழே சரியும் தோளையும் சேர்த்தே அழுத்தும்.

கழுத்து மட்டும் ஏன்? சுடும்போது அழுத்தத்தில் உறை விரிந்து, அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் வடிவத்துக்கே வந்துவிடுகிறது. உடம்புக்குப் பொருந்திவிட்ட சட்டையில் தொளதொளத்த காலரை மட்டும் பிடித்துத் தைப்பது போலத்தான் இது. ஆகவே அதே போல்ட் ஆக்‌ஷன் (போல்ட் என்ற அடைப்பைக் கையால் இழுத்து மூடும்) ரைஃபிளில் சுட்ட உறைக்கே இது சரிப்படும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோவுக்கு வேண்டாம், தோட்டா முழுதாக உள்ளே போகாமல் சிக்கும்.

கழுத்தை இறுக்கும் வளையத்தை (புஷிங்) மாற்றிக்கொள்ளும் வகை டை வாங்கினால் அந்த வளையத்தின் அளவு முக்கியம். குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்தை வெளிப்புறமாக மைக்ரோமீட்டரில் அளந்து, 0.002 அங்குலம் கழியுங்கள். .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவில் 0.336 வந்தால் 0.334 புஷிங். உறையின் பிராண்டை மாற்றினால் கழுத்துத் தடிமனும் மாறும். மறுபடி அளக்க வேண்டும். அளக்கச் சோம்பல் என்றால் லீ காலெட் டை நல்லது: உள்ளே நிற்கும் மேண்ட்ரல் என்ற கம்பி மீது கழுத்தை நெருக்குகிறது, எண்ணெய்கூடத் தேவையில்லை.

கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும், ஃபுல் லெங்த் டையே வேண்டாம் என்பது தவறு: சில முறை சுட்டபின் போல்ட் மூடக் கடினமாகும், அப்போது தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் பின்தள்ள அதுதான் வேண்டும்.