வாசகர் கேள்வி பதில்: ஈஸ்டர் முட்டையும் சிங்கப்பூர் வெயிலும்

புனித வெள்ளி நெருங்கும்போதெல்லாம் ஈஸ்டர் பற்றிய கேள்விகள் வரும். இம்முறை வந்தவற்றில் பாதி முட்டையைப் பற்றியவை என்பதால் அதற்கே இடம் கூடுதல்.

ஈஸ்டர் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வருகிறது? விடுப்பை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்; எந்த நாளுக்கு எழுதுவது?
செங்காங் வாசகர்

மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவைப் பிடியுங்கள். அதை அடுத்து வரும் ஞாயிறே ஈஸ்டர். முழுநிலவே ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் ஒரு வாரம் தள்ளிப்போகும். அதனால்தான் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் அது வரலாம். எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325ஆம் ஆண்டு நைசியா திருச்சங்கம் தீர்மானித்தது.

நாட்காட்டியில் முழுநிலவைப் பார்த்துக் கணக்கிட்டவர்கள் சில ஆண்டுகளில் ஏமாந்துபோவார்கள். திருச்சபை பார்ப்பது வானத்து நிலவை அல்ல, தன் அட்டவணை நிலவை. 2019இல் மார்ச் 21 அன்றே வானில் முழுநிலவு. ஈஸ்டரோ ஏப்ரல் 21 அன்றுதான் வந்தது. ஆர்த்தடாக்ஸ் சபையினர் பழைய ஜூலியன் கணக்கில் போவதால் அவர்கள் தேதி பெரும்பாலும் பிந்தும். 2025இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாக வந்தன. 2026இல் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12. அடுத்து 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16.

விடுப்பை திங்கட்கிழமைக்கு எழுதுங்கள். சிங்கப்பூரில் பொது விடுமுறை புனித வெள்ளிக்குத்தான். ஈஸ்டர் ஞாயிறு அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே ஈடாகத் திங்களும் கிடைக்காது. ஊரிலிருந்து உறவினர் வந்திருந்தால் அந்த ஒரு நாள் பெரிய உதவி.

பாலர் பள்ளியில் "வசந்தத் திருவிழா" என்று ஈஸ்டரைச் சொல்லித் தருகிறார்கள். இங்கே வசந்தமே இல்லையே, பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?
பிடோக் வாசகி

வசந்தம் இந்த விழாவோடு ஒட்டிக்கொண்டது, விழாவின் பொருள் அதுவல்ல. இயேசு உயிர்த்தெழுந்த நாள் யூதர்களின் பாஸ்கா விழாவை ஒட்டி வந்தது. பாஸ்கா வருவது வடகோளத்து வசந்தத்தில். ஆஸ்திரேலியாவில் ஈஸ்டர் வரும்போது அங்கே இலையுதிர் காலம். நம் ஆறு பருவக் கணக்கிலும் பங்குனி பின்பனியில் அடங்கும், சித்திரையில்தான் இளவேனில் தொடங்கும். ஆகவே 2026இல் ஈஸ்டர் பின்பனியில், 2028இல் இளவேனிலில்.

மலர்ச்சியைக் கண்ணால் காட்ட விரும்பினால் சாலையோரத்துக்கு அழைத்துப் போங்கள். மழையின்றிக் காய்ந்த சில வாரங்களுக்குப் பின் மழை பெய்ததும் தபேபுயா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும். மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் ஒரு முறை. தேதி சொல்ல முடியாது. சில நாளில் உதிர்ந்துவிடும். காய்ந்து கிடந்த மரம் ஒரே வாரத்தில் பூப்பதைப் பார்த்த பிள்ளைக்கு உயிர்ப்பை விளக்கத் தனிப் பாடம் தேவைப்படாது.

முட்டையும் முயலும் ஈஸ்டருக்குள் எப்படி வந்தன?
உட்லண்ட்ஸ் வாசகர்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாள்களான தவக்காலத்தில் முட்டையும் விலக்கு என்ற கட்டுப்பாடு இடைக்கால ஐரோப்பாவில் இருந்தது. கோழி நோன்பு இருக்காது; அது இட்டுக்கொண்டேதான் இருந்தது. சேர்ந்த முட்டைகளை அவித்துச் சாயமேற்றி விழாவன்று பகிர்ந்தார்கள். கிழக்குச் சபைகள் சிவப்புச் சாயத்தைக் கிறிஸ்துவின் இரத்தத்துக்கும், மூடிய முட்டையோட்டைக் கல்லறைக்கும் அடையாளமாகக் கொண்டன. முயல் ஜெர்மானியர் பகுதி வழக்கம்; முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றி 1682லேயே எழுதியிருக்கிறார்கள். குடியேறிகளோடு அமெரிக்கா சென்று, அங்கிருந்து கடைத்தெருவுக்கு வந்தது. விவிலியத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

செயற்கைச் சாயம் வேண்டாம் என்று வெங்காயத் தோலில் முட்டை அவித்தேன். திட்டுத் திட்டாக வந்தது, மூன்று வெடித்தும் போயின. சரியான முறை என்ன?
ஈசூன் வாசகி

நல்ல முயற்சி, விட்டுவிடாதீர்கள். 10 முட்டைக்கு 12 பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல் வேண்டும். ஈரச்சந்தையில் வெங்காயக் கூடையின் அடியில் கிடப்பதைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், எவர்சில்வர் பாத்திரம். அலுமினியம் வேண்டாம்; வினிகர் பட்டால் பாத்திரமும் கெடும், நிறமும் மங்கும். தோலை 30 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். இந்த ஆறவிடுதலைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள்.

முட்டை வெடிப்பதற்குக் காரணம் குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேரே கொதிநீரில் இறக்குவது. 30 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். வெதுவெதுப்பான சாயநீரில் ஒரே அடுக்காக அடுக்கி, மெல்லக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம் விடுங்கள். தளதளவென்று கொதித்தால் முட்டைகள் ஒன்றோடொன்று மோதும். அடுப்பை அணைத்தபின் இன்னும் 20 நிமிடம் அதிலேயே கிடந்தால் நிறம் ஆழமாகும்.

திட்டு விழுவதற்கு எண்ணெய்ப் பிசுக்கும், ஓட்டின்மேல் அச்சிட்ட தேதி மையும் காரணம். வினிகர் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றையும் மெல்லத் துடைத்துக் கழுவிவிட்டு அவியுங்கள். வினிகரைத் தாராளமாக ஊற்றினால் நிறம் பிடிக்கும் என்பது தவறு. ஓடு சுண்ணாம்பு, வினிகர் அதைத் தின்னும். ஓட்டின்மேல் குமிழி எழுந்தால் வினிகர் அதிகம் என்று பொருள்.

பூவேலை வேண்டுமானால் ஈரமாக்கிய கொத்தமல்லி இலையை முட்டையில் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டுக்குள் இட்டு இறுக்க முடிச்சிடுங்கள். தளர்ந்தால் சாயம் இலைக்கடியில் ஊறி உருவம் கலைந்துவிடும். அவிந்து ஆறியபின் பிரித்தால் செந்தவிட்டு நிறத்தில் வெளிறிய இலை தெரியும். காய்ந்ததும் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவினால் பளபளக்கும்.

இங்கே அதிகம் கிடைக்கும் பழுப்பு முட்டைக்கு வெங்காயத் தோல்தான் பொருத்தம். மஞ்சள்தூளில் மஞ்சளும் ஊதா முட்டைக்கோஸில் நீலமும் வெள்ளை ஓட்டில்தான் எடுக்கும்; வெள்ளைக் கோழிமுட்டை அகப்படாவிட்டால் வாத்து முட்டை வாங்கி, சில நிமிடம் கூடுதலாக அவியுங்கள். பீட்ரூட்டை நம்ப வேண்டாம். அழகான இளஞ்சிவப்பு, சூட்டில் பழுப்பாகிவிடும். இட்டு ஒரு வாரம் ஆன முட்டையை வாங்கினால் உரிப்பது எளிது. புது முட்டையின் வெள்ளைக்கரு உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அவித்த முட்டையை நம் ஊர் வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். வெயில் படும் இடமாக இருந்தால் ஒரு மணி நேரமே அதிகம். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். கீழ்த்தளத்துப் பூங்காவில் பிள்ளைகள் தேடுவதற்கு ஒளித்துவைப்பது நெகிழி முட்டையாக இருக்கட்டும். உள்ளே ஒரு விவிலிய வசனமும் ஒரு சிறு பொம்மையும் போதும். எத்தனை ஒளித்தோம் என்று எழுதி வையுங்கள், எண்ணித் திரும்ப எடுக்கலாம்.

இன்னொன்று. முழுச் சிவப்பில் சாயமேற்றிய முட்டையைச் சீன அண்டை வீட்டாருக்குக் கொடுத்தால், "குழந்தைக்கு மாதம் நிறைந்ததா?" என்று கேட்பார்கள். அவர்கள் வழக்கத்தில் சிவப்பு முட்டை அந்தச் செய்தி. ஒரு சிறு வாழ்த்து அட்டையைச் சேர்த்துவிட்டால் குழப்பமில்லை.

சாக்லேட் முட்டை வாங்கினால் வீடு சேர்வதற்குள் வெண்படலம் படிந்துவிடுகிறது. கெட்டுப்போனதா?
பொங்கோல் வாசகர்

கெடவில்லை, சாப்பிடலாம். கோக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே நெகிழத் தொடங்கும். நம் நண்பகல் வெப்பம் 31, 32ஐத் தொடுகிறது. நெகிழ்ந்த கொழுப்பு மேலே வந்து மறுபடி உறைவதுதான் அந்த வழுவழுப்பான வெண்படலம். தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு: குளிரிலிருந்து எடுத்தவுடன் உறையைப் பிரித்ததால் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து மறுபடி படிகமானது.

குளிர்பதனப் பெட்டியில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இல்லையேல் சாம்பார் வாசனையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். எடுத்தபின் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே விட்டுப் பிறகு பிரியுங்கள். கொண்டுபோகும்போது பனிக்கட்டிப் பையைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். நேராகப் பட்டால் வியர்க்கும். உள்ளே வெற்றாக இருக்கும் முட்டையின் சுவர் மெலிது, கட்டியான பாளத்தைவிட வேகமாக வடிவம் இழக்கும். நெடுந்தூரம் எடுத்துப்போக வேண்டியிருந்தால் கையளவு சிறிய, உள்நிறைந்த முட்டைகளையே வாங்குங்கள்.

வீட்டில் அச்சில் வார்க்க நினைப்பவர்கள் குளிர்சாதன அறையில் செய்யுங்கள். 300 கிராம் கருஞ்சாக்லேட்டில் 200 கிராமை 45 டிகிரிக்கு உருக்கி, மீதி 100 கிராமைப் பொடித்துச் சேர்த்து 28க்கு இறக்கி, மெல்ல 31க்கு ஏற்றிப் பயன்படுத்துங்கள். வெப்பமானி இல்லாமல் இது வராது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கலவை திரிந்து கட்டியாகிவிடும். அச்சிலிருந்து கழலவில்லை என்றால் இந்த வெப்ப அளவு எங்கோ தவறியிருக்கிறது. இழுத்துப் பெயர்க்காமல், உருக்கி மறுபடி தொடங்குங்கள்.

அலுவலகத்தில் ஒரு கிறிஸ்தவத் தோழிக்கு என்ன பரிசு, எப்போது கொடுக்கலாம்? வேறு சமயத்தாருக்கு நாங்கள் கொடுப்பதானால்?
தெம்பனிஸ், ஜூரோங் வாசகிகள்

முதலில் நேரம். புனித வெள்ளி துக்க நாள். அன்று பலர் நோன்பிருப்பார்கள், கத்தோலிக்கர் இறைச்சி தவிர்ப்பார்கள். "புனித வெள்ளி வாழ்த்துகள்" என்று செய்தி அனுப்பாதீர்கள்; அன்பாக அனுப்பினாலும் மனம் சங்கடப்படும். வாழ்த்தும் இனிப்பும் ஞாயிறு முதல். திங்களன்று அலுவலகத்தில் கொடுத்தாலும் பிந்தியதாகாது, ஏனெனில் ஈஸ்டர் காலம் பெந்தகோஸ்து வரை 50 நாள்.

பூந்தொட்டி கொடுப்பதையே நாங்கள் பரிந்துரைப்போம். வெயிலில் உருகாது, சமயம் கேட்காது. ஆனால் ஒரு கடும் எச்சரிக்கை: ஈஸ்டர் லில்லி பூனைக்கு நஞ்சு. இலை, பூ, மகரந்தம், குவளைத் தண்ணீர் எதுவானாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2024 செப்டம்பரிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உள்ளதால், கேட்டுவிட்டுக் கொடுங்கள். பூனை உள்ள வீட்டுக்கு ஆர்க்கிட் நல்லது.

முஸ்லிம் நண்பர்களுக்கு ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். மதுவைத்த சாக்லேட்டும், ஜெலட்டின் சேர்ந்த மார்ஷ்மெலோவும் விழா டப்பாக்களில் சத்தமில்லாமல் கலந்திருக்கும். சைவ உணவுக்காரர்களுக்கும் அதே ஜெலட்டின் ஆகாது. முட்டை சேர்க்காத இனிப்பாகவே கொடுங்கள்.

நான் இந்து. தோழி பாஸ்கா திருவிழிப்புக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டுக்கு, அழைக்கிறாள். போகலாமா?
தேக்கா வாசகி

தாராளமாக. சனி இரவு இருட்டியபின் கோவிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டி, அதில் பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவத்தியை ஏற்றி, இருண்ட கோவிலுக்குள் கொண்டுவருவார்கள். திரியில் அந்த ஆண்டின் எண்களும் ஐந்து சாம்பிராணி மணிகளும் பதித்திருக்கும். அந்தத் தீ கைக்குக் கை மெழுகுவத்தியில் பரவும். எரியும் வத்தியை நிமிர்த்தியே பிடித்து, எரியாத வத்தியைச் சாய்த்து ஏற்றுங்கள். மெழுகு கையில் சொட்டாது. வாசகங்கள் நீளும் என்பதால் இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்கும் வரிசையில் மட்டும் சேர வேண்டாம், இருக்கையிலேயே இருக்கலாம். ஓஃபிர் சாலையில் 1888இல் கட்டப்பட்ட லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஆலயம். தமிழ்த் திருப்பலி நேரத்தைத் தோழியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று கிடைக்கும் குருத்தோலைச் சிலுவையை ஒவ்வோர் ஆண்டும் சிலைக்குப் பின்னால் செருகுகிறோம். ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?
சுவா சூ காங் வாசகர்

பச்சையாகவே மடித்துச் செருகுவதுதான் காரணம். மடிப்புக்குள் ஈரம் நிற்கிறது. ஓலை நெகிழ்வாக இருக்கும்போதே சிலுவையாக மடித்துவிடுங்கள், காய்ந்தபின் மடித்தால் பிளக்கும். பிறகு மின்விசிறிக் காற்றில் நான்கைந்து நாள் தொங்கவிடுங்கள். நேர்வெயில் வேண்டாம், சுருண்டுவிடும். முழுவதும் வெளிறி, வளைத்தால் சடசடவென்று ஒலித்தால் காய்ந்துவிட்டது. சுவரை ஒட்டாமல் காற்றுப் படும்படி வையுங்கள். பூஞ்சை பிடித்ததையும் குப்பையில் போட வேண்டாம். பைக்குள் கட்டி வைத்திருந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் ஆலயத்தில் சேகரிக்கும்போது கொடுத்துவிடுங்கள். அதை எரித்த சாம்பல்தான் நெற்றிக்கு வரும். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10.